துள்ளித் திரியும் மீட்கப்பட்ட நாய்க்கு வீடு தேடுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே ரப்பர் தோட்டத்து ஓரத்தில் மழையில் நனைந்து கிடந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தேன். அதன் துள்ளலைக் கண்டு மயங்கி வாங்கிச் சென்ற வீட்டார், பத்தாம் நாள் அதே துள்ளலைக் காரணம் காட்டித் திருப்பித் தந்துவிட்டார்கள். குட்டியின் சுபாவத்தை நான் முன்கூட்டியே விளக்கிச் சொல்லாததுதான் அதற்குக் காரணம்.

இப்படி ஒரு குட்டி கிடைத்தால், முதலில் அது யாருடைய வீட்டிலிருந்தாவது வழிதவறி வந்ததா என்று சுற்றுவட்டாரத்தில் விசாரியுங்கள். பிறகு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பால் பற்கள் ஏறக்குறைய 4 முதல் 6 மாதத்துக்குள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைப்பதால், பல்லைப் பார்த்தே மருத்துவர் வயதைக் கணிப்பார். குடற்புழு நீக்க மருந்தும், 3 மாதம் நிறைந்திருந்தால் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, விவரங்களை ஒரு கையேட்டில் பதிந்து வாங்குங்கள். கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயின் அறிகுறிகள் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், அதுவரை குட்டியை உங்களிடமே வைத்திருங்கள்.

இந்த இரண்டு வாரம்தான் அதன் விளையாட்டைப் படிக்க ஏற்ற காலம். கோழியைத் துரத்துகிறதா, குழந்தைகள் மேல் தாவுகிறதா, சைக்கிளைக் கண்டால் பின்னாலேயே ஓடுகிறதா என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பல் முளைக்கும் பருவத்தில் கையைக் கவ்வுவது இயல்பு. அப்போது அடிக்கவோ கத்தவோ வேண்டாம். விளையாட்டை உடனே நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சற்றுப் பொறுத்துக் கடிப்பதற்கு முடிச்சிட்ட பழைய துணி ஒன்றைக் கொடுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக் கொடுத்தால், தாவினால் பலனில்லை என்பதை அது மெல்லக் கற்றுக்கொள்ளும். குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோலில் கீறல் விழுந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லத் தவறாதீர்கள்.

அடுத்தது அறிவிப்பு. குட்டியின் கண்மட்டத்துக்குக் குனிந்து, காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: “நாட்டு நாய், பெண், 5 மாதம், தடுப்பூசி போடப்பட்டது. ஓடி விளையாட இடமும், தினமும் ஒரு மணி நேரம் உடனிருக்க ஆளும் தேவை. கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஏற்றதல்ல.” கடைசி வாக்கியத்தால் அழைப்புகள் குறையலாம்; ஆனால் வருபவை பொருத்தமானவையாக இருக்கும்.

கேட்பவரின் வீட்டை நேரில் பார்க்காமல் ஒப்படைக்காதீர்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய வீடென்றால் சுற்றுச்சுவரும் கதவும் இருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்து வீடென்றால், விடியுமுன் பால் வெட்ட வருபவர் மேல் குட்டி தாவாமல் யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், நனையாத படுக்கை எங்கே என்பதையும் காட்டச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தைக் கேளுங்கள். பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்போம் என்பவர் எவ்வளவு நல்லவராயினும் இக்குட்டிக்கு உரியவர் அல்லர்.

ஒப்படைக்கும் நாளில் தடுப்பூசிக் கையேடு, அது படுத்த துணி, வழக்கமாகத் தின்னும் சோறும் முள் நீக்கிய சாளை மீனும் பற்றிய குறிப்பு ஆகியவற்றைக் கொடுங்கள். உரிய வயதில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்விப்பதாக எழுதி வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே தர வேண்டும் என்றும், கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். மறுநாளும், மூன்றாம் நாளும், பத்தாம் நாளும் தொலைபேசியில் விசாரியுங்கள். திரும்பி வந்தால், காரணத்தை அந்த நோட்டில் எழுதி, அறிவிப்பின் வாசகத்தை அதற்கேற்பத் திருத்தி, மறுபடியும் தேடத் தொடங்குங்கள்.