செடித் தொட்டியில் கரியமில வாயு எவ்வளவு? கேஎச், பிஎச் வைத்துக் கணக்கிடும் முறை

மீன்தொட்டிச் செடிகளுக்காக கரியமில வாயு சிலிண்டர் வைத்தாயிற்று, குமிழ்களும் வருகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு எவ்வளவு என்பதைக் குமிழ்களை எண்ணிச் சொல்ல முடியாது. கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை), பிஎச் (அமில-காரத் தன்மை) இரண்டையும் அளந்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

1. கேஎச் அளப்பது

குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். பல கிட்களில் நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனை சொட்டு விழுந்ததோ, அதுதான் கேஎச் டிகிரி. 10 மில்லி எடுத்தால் ஒரு சொட்டுக்கு அரை டிகிரி. எனக்கு இதுதான் பிடித்தம்.

2. பிஎச் அளப்பது

விளக்கு போட்டு ஓரிரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுத்து, உடனே அளந்துவிடுங்கள். வைத்திருந்தால் வாயு வெளியேறி பிஎச் ஏறிவிடும்.

3. கணக்கு

கரியமில வாயு (பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) = 3 × கேஎச் × 10^(7 − பிஎச்)

அடுக்குக்குறி பார்த்துப் பயப்பட வேண்டாம். கேஎச்சை, பிஎச் 7.2 என்றால் 1.9ஆல் பெருக்குங்கள், 7.0 என்றால் 3, 6.8 என்றால் 4.75, 6.6 என்றால் 7.5. கேஎச் 4, பிஎச் 6.6 என்றால் 30 பிபிஎம் வரும். செடி வளர்ப்பவர்கள் பலரும் வைக்கும் இலக்கு இதுதான். மீன்கள் இருக்கும் தொட்டியில் புதிதாகத் தொடங்குபவர்கள் 15, 20இல் நிறுத்திக்கொள்வது நல்லது.

4. எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் நிதானம் வேண்டும். பிஎச் நிறத்தை 0.2 தவறாகப் படித்தாலே அந்த 30 என்பது 19ஆகவோ 48ஆகவோ இருக்கலாம். அளவீடு சரி செய்த பிஎச் மீட்டர் இருந்தால் பெரிய உதவி. இன்னொன்று, இந்தக் கணக்கு பிஎச்சை இறக்குவது கரியமில வாயு மட்டுமே என்று எடுத்துக்கொள்கிறது. தொட்டியில் ஊறும் மரக்கட்டை, அக்வா சாயில் (செடித் தொட்டிகளுக்கென விற்கும் மண்), பாஸ்பேட் கலந்த பிஎச் மருந்து எல்லாம் அதைக் குலைத்து, இல்லாத வாயுவை இருப்பதாகக் காட்டும்.

அப்படிப்பட்ட தொட்டிக்கு டிராப் செக்கர் (தொட்டிக்குள் பொருத்தும், நிறத்தால் வாயு அளவைக் காட்டும் சிறு கருவி) வாங்குங்கள். அதற்குள் இருப்பது தொட்டித் தண்ணீர் அல்ல, 4 டிகிரி கேஎச் உள்ள தனித் திரவம். நடுவில் உள்ள காற்றைக் கடந்து வாயு மட்டுமே உள்ளே போகும். மரக்கட்டையின் அமிலம் போகாது. நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் கிட்டத்தட்ட 30, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும்.

எந்த எண் வந்தாலும் சரி, வாயு திறந்திருக்கும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், உடனே வாயுவை நிறுத்தி ஏர் பம்பைப் போடுங்கள். கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.