மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் இப்போது வயரிங்கின்போதே அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுகிறார்கள். மாடியில் வைஃபை ஆக்சஸ் பாயின்ட், சுற்றிலும் நாலு கேமரா, ஹாலில் டிவி, எல்லாம் வந்து சேர ஒரு ஸ்விட்ச். கேமராக்களை வீட்டு லேப்டாப், போன்களோடு கலக்காமல் தனி நெட்வொர்க்கில் வைக்க வேண்டுமென்றால் அது விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) போட முடிகிற, நாமே செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்சாக இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் ரவுட்டரைப் பாருங்கள். ஸ்விட்சில் விலான் பிரித்துவிடலாம், ஆனால் பிரித்த ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரி கொடுத்து இன்டர்நெட்டுக்கு வழி விடுவது ரவுட்டர்தான். ஃபைபர் கனெக்‌ஷனோடு சும்மா கொடுக்கிற பெட்டிகள் பலவற்றில் வீட்டுப் பக்கம் விலான் வசதி இருக்காது. இது தெரியாமல் ஸ்விட்சை மட்டும் வாங்கிவிட்டு, கேமரா ஏன் போனில் வரவில்லை என்று ஸ்விட்சைக் குறை சொல்கிறோம்.

அடுத்தது பழைய ஆபீஸ் ஸ்விட்ச். 24 போர்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அதன் ஃபேன் சத்தம் ராத்திரி தூங்க விடாது, கரண்டும் நாள் முழுக்க இழுக்கும், ஃபர்ம்வேர் அப்டேட்டும் நின்றுபோயிருக்கும். வீட்டுக்கு ஃபேன் இல்லாத, பிரவுசரில் திறந்து செட்டிங் மாற்றுகிற ஸ்மார்ட் ஸ்விட்ச் (மேனேஜ்டிலேயே எளிய வகை) தாராளமாகப் போதும்.

நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கிற போஇ விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அட்டையில் எட்டு போஇ போர்ட் என்று இருக்கும், மொத்தம் எத்தனை வாட் கொடுக்கும் என்பதைப் பார்க்க மாட்டோம். போஇ தரநிலைகளில் 802.3ஏஎஃப் போர்ட் ஒன்று 15.4 வாட் வரை, 802.3ஏடி என்றால் 30 வாட் வரை தரலாம், ஆனால் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 60 வாட்தான் என்றால் கணக்கு அங்கே முடிந்தது. பகலில் ஒழுங்காக ஓடுகிற கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? இரவுக்கான இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கூடுதல் வாட் இழுப்பதால் அப்படி ஆகலாம். கேமராவுக்கென்றே விற்கிற மலிவான போஇ ஸ்விட்சுகளில் போர்ட் வேகம் 100 மெகாபிட்தானா, கிகாபிட்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இனி நம்ம குமரி மாவட்டத்து விஷயம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு, சித்திரை வைகாசியில் கோடை மழை வேறு. ஒரு ஐப்பசி இடியில் என் வீட்டு ஸ்விட்சில் மூன்று போர்ட் போனது. பிளக் பக்கம் ஸ்பைக் கார்டு போட்டிருந்தேன். ஆனால் மின்னல் அடிக்கும்போது வெளியே நீளமாக ஓடுகிற செம்புக் கேபிளிலேயே சர்ஜ் (திடீரென எகிறும் வோல்ட்டேஜ்) ஏறிவிடும், கேட் கேமராவுக்குப் போன கேபிள் வழியாகத்தான் எனக்கு அது வந்தது. வெளியே போகிற கேபிளுக்கு ஈதர்நெட் சர்ஜ் புரொடெக்டர் போட்டு அதை நல்ல எர்த்தில் சேர்க்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு லைன் கொண்டுபோவதென்றால் செம்பே வேண்டாம், எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் இணைக்கிற இடம்) உள்ள ஸ்விட்ச் வாங்கி ஃபைபர் போடுங்கள், அதில் கரண்ட் பாயாது. வாரண்டியில் இடி மின்னல் சேதம் பெரும்பாலும் சேராது, அதனால் இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். கெட்டுப்போனால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ நேரில் கொடுக்க முடியுமா, கூரியரில் அனுப்ப வேண்டுமா என்பதையும் பில் போடும் முன்பே கேளுங்கள்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்விட்சை மொட்டை மாடிப் பெட்டியில் வைக்கவே கூடாது. உப்புக்காற்றில் போர்ட்டின் பின்கள் அரித்துப்போகும்.

ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் போஇ ஸ்விட்ச் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு 48 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ வேண்டும், அல்லது நேராக 230 வோல்ட்டில் ஓடும், எனவே சாதாரண யுபிஎஸ்தான் சரி.

அப்புறம், செட்டிங் எல்லாம் போட்டு முடித்ததும் சேவ் கொடுங்கள். பல ஸ்விட்சுகளில் 'அப்ளை' அழுத்தினால் அந்த நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும், தனியாக 'சேவ்' கொடுக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும், கேமராவும் லேப்டாப்பும் மறுபடி ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றி, சேவ் கொடுத்து, பொருத்த வந்தவர் கிளம்பும் முன்பே ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள்.