ஸ்னாப்ஷாட்டால் டேட்டாஸ்டோர் நிரம்பிவிட்டால்

ஒரே கணினியில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளில், ஒரு சர்வரின் அப்போதைய நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுத்த நொடியிலிருந்து, அந்த மெய்நிகர் சர்வர் புதிதாக எழுதுவதெல்லாம் தனி டெல்டா கோப்புக்குப் போகிறது. அது மூல டிஸ்க்கின் அளவுவரை வளரலாம். பல சர்வர்களின் டிஸ்க் கோப்புகள் சேர்ந்திருக்கும் பகிர்வு டேட்டாஸ்டோர் நிரம்பினால், அதிலிருந்து இடம் கேட்கும் மற்ற சர்வர்களும் சேர்ந்து நின்றுபோகும்.

அந்தப் பதற்றத்தில் டெல்டா கோப்பைக் கையால் அழிக்கவே கூடாது. ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்தைய தரவு முழுவதும் போய்விடும். முதலில் கொஞ்சம் இடம் உண்டாக்குங்கள். அவசரமில்லாத சர்வர் ஒன்றை ஷட்டவுன் செய்தால் ரேம் போதாதபோது பயன்பட ஒதுக்கிவைத்த அதன் ஸ்வாப் கோப்பு நீங்கும்: 16 ஜிபி ரேம், ரிசர்வேஷன் (அந்தச் சர்வருக்கென்றே உறுதியாக ஒதுக்கிய ரேம்) இல்லை என்றால் 16 ஜிபி கிடைக்கும். போதாவிட்டால் ஸ்டோரேஜில் டேட்டாஸ்டோருக்கு ஒதுக்கிய பகுதியான லன்னைப் பெரிதாக்கி, மெய்நிகர் சர்வர்கள் ஓடும் கணினிகளான ஹோஸ்ட்களில் ரீஸ்கேன் செய்து, டேட்டாஸ்டோரின் கொள்ளளவைக் கூட்டுங்கள்.

பிறகு ஸ்னாப்ஷாட் மேனேஜரில் 'டெலிட் ஆல்'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெல்டாவில் உள்ளதை மூல டிஸ்க்கில் சேர்க்கும் வேலைதான் அது. 99 சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்கலாம். ஹோஸ்டை ரீஸ்டார்ட் செய்யாமல் காத்திருங்கள்.

மேனேஜரில் எதுவும் தெரியாமல் டெல்டா கோப்புகள் மட்டும் கிடந்தால், பெரும்பாலும் பேக்கப் மென்பொருள் விட்டுச் சென்றவை. பேக்கப் சர்வர் அந்த டிஸ்க்கை இன்னும் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிட்டு, மிஞ்சிய டெல்டாக்களை மூல டிஸ்க்கில் சேர்க்கும் 'கன்சாலிடேட்' கொடுங்கள்.

ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. ஓயாமல் எழுதும் டேட்டாபேஸ் சர்வருக்கு அதுவே அதிகம்.