புது ஆல்பத்தையும் கச்சேரியையும் ஆட்களிடம் கொண்டு சேர்ப்பது எப்படி

மாஸ்டரிங் (பதிவின் கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்த கையோடு பாட்டை வெளியே விட மனசு துடிக்கும். பொறுங்கள். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி, பாட்டை ஸ்ட்ரீமிங் செயலிகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஏதாவது ஒரு சேவையில் ஆல்பத்தை ஏற்றிவிட்டு, வெளியீட்டுத் தேதியை நாலு வாரம் தள்ளி வையுங்கள். இன்னும் வெளியாகாத பாட்டைத்தான் ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட்களுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அனுப்ப முடியும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்ற புதுப் பாட்டுப் பட்டியலிலும் அது வந்துவிடும்.

எந்தப் பாட்டை அனுப்புவது? முதல் தடவை கேட்டவர்கள் இரண்டாவது பல்லவியிலேயே கூடப் பாடினார்களே, அதை. பாட்டை அந்தக் குழுவுக்கு அனுப்பும் படிவத்தில் ‘மனதை வருடும் இசை’ என்றெல்லாம் எழுத வேண்டாம். நான் எழுதுவது இப்படி: ‘தமிழ். நைலான் கிட்டார், பறை, இரண்டு பெண் குரல். இரவுப் பேருந்துப் பயணம் பற்றிய பாட்டு. அடுத்த மாதம் சென்னையில் மேடையேறுகிறது.’ படிக்கிறவருக்குப் பாட்டு காதில் கேட்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங் வருமானத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள். 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. பாடல் வரியும் மெட்டும் உங்களுடையது என்றால், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பதிந்து வையுங்கள். மற்றபடி நம்மைப் போன்றவர்களைத் தாங்குவது கச்சேரிக்கு நேரில் வருகிறவர்கள்தான். என் உழைப்பில் பெரும்பங்கு அவர்களுக்கே.

தேதி குறிக்கும்போது காலண்டரோடு ஐபிஎல் அட்டவணையையும் பாருங்கள். சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆடும் மாலையில் எழும்பூரில் கச்சேரி வைத்தால் நண்பர்கள்கூட வர மாட்டார்கள். மார்கழியில் சபா, ஒலிப்பொறியாளர், பக்கவாத்தியக்காரர் என எல்லாருமே பிஸி. முதல் தடவை பெரிய அரங்கம் வேண்டாம். அறுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் இடம் போதும். அந்தக் கூட்டத்தின் சத்தத்தை வீடியோ எடுத்து வைத்தால் அடுத்த ஊரில் இடம் கேட்க உதவும்.

போஸ்டரில் உங்கள் முகத்தைவிடப் பெரிதாகக் கிழமை, நேரம், இடம், டிக்கெட் விலை இருக்கட்டும். பக்கத்து ரயில் நிலையத்தையும் முடியும் நேரத்தையும் கட்டாயம் போடுங்கள். தாம்பரத்திலிருந்து வருகிற பெண்ணுக்குக் கடைசி ரயில் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

இனி முக்கியமான விஷயம். கச்சேரி முடிந்ததும் வாசலில் ஒரு மேசை. டி-ஷர்ட், பாடல் வரிப் புத்தகம், பணம் அனுப்ப க்யூஆர் அட்டை, ஒரு நோட்டு, இரண்டு பேனா. நோட்டில் பெயர், ஊர், வாட்ஸ்அப் எண் எழுதச் சொல்லுங்கள். உங்கள் எண்ணையும் அவர்கள் போனில் அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்காதவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே தடவையில் பலருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேராது, நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். மேசையில் நீங்களே நில்லுங்கள். எந்த வரி பிடித்தது என்று ஒருவர் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நன்றியோடு அன்றைய கச்சேரியிலிருந்து ஒரு பாட்டின் ஆடியோவை அனுப்புங்கள். அப்புறம் நோட்டில் ஊர்ப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். புதுச்சேரி என்று பதினைந்து பேர் எழுதியிருந்தால், அடுத்து அங்கே இடம் தேட ஆரம்பிக்கலாம்.