புது வண்டியில் ஓயாத பழுதா? கம்பெனியையே திரும்ப எடுக்க வைக்கும் வழி

வாங்கிய புதுக் கார் மூன்றாவது முறையாக ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறதா? ஷோரூமில் போய்ச் சத்தம் போட்டு ஒன்றும் நடக்காது, ஏனென்றால் வண்டியைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் டீலர் கையில் இல்லை, தயாரித்த கம்பெனி கையில் இருக்கிறது. கம்பெனிக்கு உங்கள் குரல் கேட்காது, காகிதம்தான் தெரியும்.

அதனால் முதல் வேலை ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது பழுதைக் குறித்து எழுதும் தாள். வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் தன் பாட்டுக்கு "பொதுச் சோதனை" என்று எழுதி முடித்துவிடுவார். விடாதீர்கள். "இன்ஜின் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் நியூட்ரலுக்குப் போய்விடுகிறது" என்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே வார்த்தைகள்தான். ஒரு தடவை "கியர் நழுவுகிறது", மறுதடவை "வண்டி இழுக்கவில்லை" என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு பழுது என்று வாதாடுவார்கள். உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, ஓடோமீட்டர் எண், மாற்றிய பாகம் எல்லாம் தாளில் வேண்டும். "பழுது எதுவும் தென்படவில்லை" என்று கையை விரித்தாலும் அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். "வாரண்டிதானே சார், பில் எதுக்கு?" என்பார்கள். வாங்காமல் வந்தால் நீங்கள் அங்கே போகவே இல்லை என்றுதான் கணக்கு.

பழுது வரும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாஷ்போர்டு விளக்கும் ஓடோமீட்டரும் ஒரே காட்சியில் தெரியும்படி.

அப்புறம் சட்டம். அமெரிக்காவில் ஓயாமல் பழுதாகும் புது வண்டிக்கென்றே மாநிலவாரியாக 'லெமன் லா' என்ற சட்டம் உண்டு, 1982ல் கனெக்டிகட் தொடங்கி வைத்தது. கலிஃபோர்னியாவில் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே பழுதுக்கு நான்கு முறை, உயிருக்கு ஆபத்தான பழுதென்றால் இரண்டு முறை வண்டியை விட்டிருந்தாலோ, மொத்தம் 30 நாளுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தாலோ, சரிசெய்யப் போதுமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் இப்படி எண்ணிக்கை வைத்த சட்டம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அது உற்பத்திக் குறைதான் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

சரி, இப்போது கடிதம். வாரண்டி புத்தகத்தில் இருக்கும் கம்பெனி முகவரிக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சேசிஸ் எண், பழுது, ஒவ்வொரு தேதி, நின்ற நாட்கள், ஜாப் கார்டு நகல்கள். கடைசி வரியில் பணமா, மாற்று வண்டியா என்று நேராகக் கேளுங்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் தகுந்த நடவடிக்கையாக இன்னொரு இலவச சர்வீஸ் வரும்.

நீட்டித்த வாரண்டி, கொஞ்சம் ரொக்கம் என்று சமாதானம் பேசுவார்கள். இனி எதுவும் கோர மாட்டேன் என்ற வரி அந்தச் சமாதானத் தாளில் ஒளிந்திருக்கலாம், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கோபத்தில் கடன் தவணையையும் நிறுத்தாதீர்கள்.

பணம் வரும்போது ஓட்டியதற்கு ஒரு கழிவு உண்டு. கலிஃபோர்னியாவில் அந்தப் பழுதுக்காக முதன்முதலில் வண்டியை விட்டபோது ஓடியிருந்த மைலை 1,20,000ஆல் வகுத்து, அந்தப் பங்கை விலையில் கழிப்பார்கள். 6,000 மைலில் விட்டிருந்தால் இருபதில் ஒரு பங்கு போகும். தானே சரியாகிவிடும் என்று 12,000 வரை ஓட்டியிருந்தால் பத்தில் ஒரு பங்கு.