உங்கள் செப்டிக் டேங்க் நிரம்பவே இல்லையா? முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், "வீடு கட்டி 22 வருசம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்வார். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். விசயம் என்னவென்றால் அவர் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்கே இல்லை. ஏழெட்டு சிமென்ட் உறையை இறக்கி, அடியில் தளம் போடாமல் மண்ணாகவே விட்டு, மேலே மூடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போவதெல்லாம் அப்படியே மண்ணுக்குள் இறங்குகிறது. கொஞ்சம் தள்ளித்தான் அவருடைய போர்வெல்.

அதனால் முதல் வேலை, உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது. உண்மையான செப்டிக் டேங்க் என்பது அடியும் சுவரும் பூசி, நீர் கசியாமல் கட்டிய தொட்டி. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பசையெல்லாம் மேலே பாலாடை மாதிரி மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். சேற்றைக் காற்று தேவைப்படாத பாக்டீரியா மெதுவாகக் கரைக்கும். ஆனால் டேங்க் செய்வது பாதி வேலைதான். வெளியே வரும் தண்ணீரிலும் கிருமி இருக்கும், மீதியை வடிகட்டுவது மண். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது, அதாவது 60 அடி, இடைவெளி வேண்டும் என்று செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2470 சொல்வது இதனால்தான். 30 அடி அகல மனையில் அதற்கு எங்கே போவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்கலாம்.

அதே விதிப்படி 5 பேர் வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீர் ஆழம், அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம் இருந்தால் போதும். நம் மேஸ்திரிகள் பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகத்தான் கட்டுகிறார்கள். பெரிதாக இருப்பதில் தப்பில்லை, அடித்தளம் போட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது பலரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். மூடியைத் திறந்தால் வெளிக்குழாய் மட்டம் வரை தண்ணீர் நிற்கும். "ஐயோ, நிரம்பிடுச்சு" என்று லாரியைக் கூப்பிட்டு எடுப்பார்கள், சில நாளில் திரும்பவும் அதே மட்டம், உடனே லாரிக்காரருக்குத் திட்டு. நல்ல டேங்க் எப்போதும் தண்ணீர் நிறைந்துதான் இருக்கும். வெளிக்குழாய்க்குக் கீழே ஒரு அடி, இரண்டு அடி இறங்கி நின்றால்தான் எங்கோ விரிசல் என்று அர்த்தம். நாம் பார்க்க வேண்டியது தண்ணீரை அல்ல, சேற்றை.

அளப்பது சுலபம். எட்டடிக் குச்சியோ பி.வி.சி. பைப்போ எடுத்து, கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி நன்றாகக் கட்டுங்கள். கழிவு வந்து விழும் முதல் அறையில், குழாயிலிருந்து சற்றுத் தள்ளி, அடி தட்டும் வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் அசைக்காமல் பிடித்துவிட்டு நேராகத் தூக்குங்கள். துண்டின் அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது சேறு, அதற்கு மேல் வெறும் ஈரம். கறுப்பு, நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரி கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. சாதாரணக் குடும்பத்துக்கு இது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும்.

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் திறந்து போட்டுவிட்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலையைப் பாருங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். அதைவிடக் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, "இப்போ நாத்தம் இல்லையே" என்று இறங்குபவர்தான் விழுகிறார், அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். எந்தக் காரணத்துக்காகவும், செல்போன் விழுந்தாலும், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் கழிவுநீர் லாரிக்குப் பதிவு செய்யலாம். தனியாரைக் கூப்பிட்டால் உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டினால் அது நம் வீட்டுக்கே திரும்பி வரும். மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள், குழாய் அடிச்சேறு வரை இறங்குகிறதா என்று நின்று பாருங்கள். கொஞ்சம் சேற்றை விட்டுவைக்கலாம், அதிலிருந்துதான் பாக்டீரியா திரும்பப் பெருகும். எடுத்த கையோடு டேங்கில் தண்ணீர் நிரப்புங்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் காலி பிளாஸ்டிக் டேங்க் மிதந்து எழும்பிவிடும்.

மழைக்காலத்தில் கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் குபுகுபுவென்றால் அது பெரும்பாலும் டேங்கின் கோளாறு அல்ல. மண் ஊறிப்போய் உறிஞ்சுகுழி தண்ணீர் வாங்கவில்லை. அப்போது லாரிக்குக் கொடுக்கும் காசு வீண், குளியல் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் வேறு பக்கம் திருப்பி விடுங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை டேங்கில் சொருகியிருந்தால் இன்றே பிடுங்குங்கள்.

நாப்கின், டயப்பர், முடி, சமையல் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். ஆசிட் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் பாக்டீரியா சாகும், பிரஷ் போட்டுத் தேய்த்தாலே போதும். கடையில் விற்கும் பாக்டீரியா பவுடரும் தேவையில்லை, தேவையான பாக்டீரியாவை நாமே தினமும் காலையில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டுங்கள், கொசு குறையும்.

அப்புறம், லாரி வந்த தேதியையும் சேற்றின் அளவையும் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதுங்கள். நாங்கள் தினசரி காலண்டரில் எழுதி வைத்தோம், மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போலத் தாளைக் கிழித்துவிட்டார்.