கன்சோல் நிரலில் வலைப்பக்கத்தை ஏசிங்க் முறையில் எடுப்பது

சி ஷார்ப் மொழியில் எழுதிய கன்சோல் நிரலில் (சாளரங்கள் இல்லாமல் எழுத்துத் திரையில் மட்டும் ஓடும் நிரல்) வலைப்பக்கம் ஒன்றை எடுக்க முதன்முறையாக ஏசிங்க் முறையைக் கையாள்பவர்கள் (async: பதில் வரும்வரை நிரலை நிறுத்திவைக்காமல் வேலையைப் பின்னணியில் நடத்துவது; தமிழில் ‘அசிங்க்’ என்று எழுதக் கை கூசுகிறது) பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: நிரல் பிழையும் காட்டாமல், பக்கத்தையும் காட்டாமல், தொடங்கிய வேகத்திலேயே முடிந்துவிடுகிறது. சர்வரிடமிருந்து பதில் வருமுன்பே, நிரல் தொடங்கும் இடமான மெயின் செயற்கூறு தன் கடைசி வரியைத் தாண்டிவிடுவதும், மெயின் முடிந்ததும் பின்னணி வேலைக்காகக் காத்திராமல் நிரல் மூடிக்கொள்வதுமே இதற்குக் காரணம்.

சி ஷார்ப் மொழியில் ஏசிங்க், அவெயிட் (வேலை முடியக் காத்திருந்து அடுத்த வரிக்குப் போகச் சொல்வது) ஆகிய சொற்கள் 2012இல் 5.0 பதிப்புடன் வந்துவிட்டாலும், மெயினையே ஏசிங்க் ஆக்கும் வசதி 2017இல், 7.1 பதிப்பில்தான் கிடைத்தது. ஆகவே இன்று மெயினை ‘ஸ்டேட்டிக் ஏசிங்க் டாஸ்க்’ என்று அறிவித்து (டாஸ்க் என்பது நடந்துகொண்டிருக்கும் வேலையைக் குறிக்கும் பொருள்), உள்ளே வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் ஹெச்டிடிபி கிளையன்ட் ஒன்றை உருவாக்கி, அதன் கெட்ஸ்ட்ரிங்ஏசிங்க் செயற்கூறிடம் முகவரியைக் கொடுத்து, அந்த அழைப்பின் முன் அவெயிட் சேர்த்தால் போதும். பக்கத்தின் ஹெச்டிஎம்எல் உரை ஒரு ஸ்ட்ரிங்காகக் கைக்கு வரும். டாஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வாய்டு (எதையும் திருப்பித் தராதது) என்று எழுதினால் மெயினைக் கம்பைலர் ஏற்காது. துணைச் செயற்கூறுகளில் ஏற்றுக்கொள்ளும், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: காத்திருப்பதற்கு டாஸ்க் எதுவும் இல்லாததால், முதலில் சொன்ன அதே கோளாறு திரும்பிவரும்.

பழைய கம்பைலரை விட முடியாதவர்கள் மெயினைச் சாதாரணமாகவே வைத்துக்கொண்டு, டாஸ்க்கின் மீது கெட்அவெய்ட்டர், கெட்ரிசல்ட் என அடுத்தடுத்து அழைக்கலாம். டாஸ்க்கின் ரிசல்ட் பண்பைப் படித்தாலும் நிரல் காத்திருக்கும். ஆனால் பிழை நேர்ந்தால் அது அக்ரிகேட் எக்ஸெப்ஷன் என்னும் உறைக்குள் ஒளிந்து வரும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். இவ்விரு வழிகளையும் சாளரமுள்ள செயலிக்கு அப்படியே நகலெடுத்தால், திரை உறைந்து நிற்க வாய்ப்புண்டு.

பக்கம் இல்லையென்று சர்வர் 404 அனுப்பினால் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் எக்ஸெப்ஷன் என்னும் பிழை எழும். பதிலே வராவிட்டால், இயல்பாக 100 நொடி காத்த பிறகு டாஸ்க் கேன்சல்டு எக்ஸெப்ஷன் எழும். கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு 100 நொடி மிக நீளம் என்பதால் டைம்அவுட்டை 15 நொடியாகக் குறைத்துவிடலாம். உலாவியில் திறக்கும் பக்கம் நிரலுக்கு மட்டும் 403 (அனுமதி மறுப்பு) தந்தால், கேட்பது எந்த நிரல் என்று சர்வருக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட் தலைப்பைச் சேர்த்துப் பாருங்கள். ஹெச்டிடிபி கிளையன்ட் அதைத் தானாக அனுப்புவதில்லை.